பூனைவணங்கி

எங்கள் வீட்டுப் பின்கட்டில், கிணற்றடிக் கல்லுக்கும் சாய அடுப்புக்கும் நடுவே, யாரும் விதைக்காமலே குப்பைமேனி முளைக்கும். முழங்கால் உயரச் செடி. ஓரமெல்லாம் பல்லுப் பல்லாய் வெட்டின பச்சை இலை. கதிரைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி சின்னச் சின்ன மடல்கள். எங்கள் ஆயா (பாட்டி) அதை வேரோடு பிடுங்கி மண்ணை உதறினால் போதும். தறிக்குழியில் படுத்திருக்கிற பூனை, ஓட்டுமேல் வெயில் காய்கிற பூனை, எதிர்வீட்டுத் திண்ணைப் பூனை என்று மூன்றும் நாலும் ஓடிவரும். வேரை முகர்ந்து பார்க்கும், கன்னத்தை அதில் தேய்க்கும், தலையைத் தரையோடு பதித்து அப்படியே மல்லாந்து புரளும். அந்தக் கோலத்தைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்தான் பூனைவணங்கி. குப்பைமேனிக்கு மார்ஜாலமோகினி என்றும் பெயர் உண்டு. பூனையை மயக்குபவள் என்று பொருள். இலையை விட்டு வேரைத்தான் பூனை தேடுகிறது என்பது ஆயாவுக்குத் தெரியும். இலையைக் கிள்ளினால் ஒன்றும் வராது, வேரைப் பிடுங்கினால்தான் வரும்.

இந்தச் செடியைப் பற்றி எழுத எனக்குக் காரணம் இருக்கிறது. பூனைக்கு இளைப்பு (ஆஸ்துமா) வந்தால் எங்கள் ஊரில் தேடிப் போனது இதைத்தான். ஆங்கில மருந்து நூல்களும் ஹோமியோபதிப் பெட்டிகளும் மனிதனின் நெஞ்சு நோய்க்கு எடுத்துக்கொண்டதும் இதையேதான்.

எங்கள் ஊர் கூரம். காஞ்சிபுரத்திலிருந்து அரக்கோணம் போகும் திசையில் இருக்கிறது. வைணவர்களுக்கு இது கூரத்தாழ்வான் அவதரித்த ஊர். அவர் பிறந்தது 1010 என்பது மரபு. கல்வெட்டு, செப்பேடு படிப்பவர்களுக்கு முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு நினைவுக்கு வரும். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன். கோயிலுக்கு என்ன பங்கு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு என்ன பங்கு, தண்ணீருக்கும் நெருப்புக்கும் என்ன பங்கு, பாலாற்றிலிருந்து வெட்டின பெரும்பிடுகு வாய்க்கால் எது என்று அந்த ஏடு கணக்காகச் சொல்கிறது. அதே பல்லவர் காலத்துச் சிற்பி மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் ஒரு பூனையை இரண்டு காலில் நிற்கவைத்து, கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யவைத்திருக்கிறான். காலடியில் எலிகள். பூனையின் விலா எலும்பைக்கூட விடாமல் பார்த்துச் செதுக்கினவன் அவன்.

ஆனால் பூனைக்கு நோய் வந்தால் என்ன கொடுத்தார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. மாட்டு வாகடம் இருக்கிறது. குதிரைக்கும் யானைக்கும் சாத்திரம் இருக்கிறது. உழவுக்கும் போருக்கும் ஆன பிராணிகளுக்கு வைத்தியம் எழுதிவைத்தார்கள். பூனை வாகடம் என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. அது பின்கட்டில், பெண்கள் கையோடு கையாக வந்த வைத்தியம். அதனால்தான் என் ஆயா செய்ததையாவது எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பட்டு நெய்கிற வீட்டில் பூனை செல்லத்துக்காக வளர்வதில்லை. பாவுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சி எலிக்குச் சோறு. ஒரு ராத்திரியில் எலி இருபது முப்பது இழை கடித்துவிட்டால், ஒவ்வொரு இழையாய்த் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவதற்குள் மறுநாள் பகல் முழுவதும் போய்விடும். முந்தியில் கடி பட்டால் சேலையே கழிவு. அதனால் தறி இருக்கிற வீட்டில் பூனைக்குத் தினம் பால்சோறு உண்டு. அது படுப்பது குழித்தறிக்குள், மிதிப்பலகைக்குப் பக்கத்தில். அங்கேதான் வெதுவெதுப்பு. அங்கேதான் ஈரமும், பட்டுச் சிலும்பும், பூஞ்சணமும். கரப்பானும் அங்கேதான். பின்கட்டில் சாயம் காய்ச்சும்போது எழும் விறகுப் புகை மார்கழியில் மேலே போகாது. தரையோடு தரையாய்ப் பரவித் தறிக்கூடத்துக்குள் வந்து நிற்கும்.

எங்களிடம் செம்பி என்று ஒரு செவலைப் பூனை இருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. ஒரு மார்கழி விடியற்காலை செம்பி தறிக்குழி விளிம்பில் குந்தியிருந்தது. முன்னங்கால் முட்டிகளை அகட்டி, வயிறு தரையைத் தொட, கழுத்தைத் தரையோடு தரையாய் நீட்டியிருந்தது. வாந்தி எடுக்கப் போவதுபோல் இருமல். எதுவும் வெளியே வரவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் பிறகு நாக்கு வெளியே வந்து எதையோ விழுங்குவதுபோல் உள்ளே போனது. விலாப்பக்கம் துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே மெல்லிய விசில். கூடத்தில் தாத்தா நெஞ்சிலிருந்து ராத்திரியெல்லாம் வருகிற அதே விசில்.

“உங்க தாத்தாவுக்கு இழுக்கிற மாதிரியே இழுக்குது பாரு” என்றது ஆயா.

தாத்தாவுக்கு ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை ரசம், கண்டங்கத்தரியும் திப்பிலியும் போட்ட சூரணம். செம்பிக்குப் பூனைவணங்கி. ஆயா இலையைக் கசக்கித் துணியில் வடித்து, ஒரு சொட்டுத் தேன் விட்டது. செம்பியைப் பழைய வேட்டியில் கழுத்து மட்டும் தெரியும்படி சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, எனக்குப் பால் புகட்டின அதே பாலாடையால் வாயோரத்தில் விட்டது. கொஞ்ச நேரத்தில் செம்பி நுரையாய்க் கக்கியது. பிறகு இருமல் அடங்கிற்று. ஆயாவின் முகத்தில் அன்று நான் பார்த்த நிம்மதியை மறக்க முடியாது.

அன்று ஆயா இன்னொன்றும் செய்தது. அப்போது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. செம்பி படுக்கிற கூடையை எடுத்துக்கொண்டுபோய், புகை எட்டாத தெருத்திண்ணையில் வைத்தது. சாயம் காய்ச்சுகிற நாளெல்லாம் கூடை திண்ணையில்தான். இதை எழுதும்போது அந்தக் கூடைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

இந்தச் செடி எங்கள் பின்கட்டைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பிற்காலத்தில் படித்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘ஹோர்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலில் ‘குப்பமேனி’ என்ற நம் பெயரோடே படம் போட்டு வந்திருக்கிறது. 1753இல் லின்னேயஸ் இதற்கு அகாலிஃபா இண்டிகா என்று பெயர் வைத்தார். 1868இல் வாரிங் தொகுத்த ‘இந்திய மருந்துநூல்’ வெளிவந்தது. அதில் சென்னை மருத்துவர் ஜார்ஜ் பிடீ, குழந்தைகளுக்குக் கபத்தை வாந்தியாக வெளியேற்ற இந்த இலைச்சாறு நம்பகமானது, விரைவானது என்று சான்று சொல்கிறார். ஆயா செம்பிக்குச் செய்தது எதுவோ, அதுவேதான். 1900இல் பிரிட்டிஷ் மருந்துநூலுக்கு இந்தியா, குடியேற்ற நாடுகளுக்கென ஓர் இணைப்பு வெளியிட்டார்கள். குப்பைமேனியும் ஆடாதோடையும் அதில் இடம் பிடித்தன. இருமல், மார்ச்சளி, இளைப்பு எல்லாவற்றுக்கும் அந்த நாடுகளின் மருந்துக்கடைக்காரர் குப்பைமேனிச் சாறு தரலாம் என்று ஆயிற்று.

ஹோமியோபதியும் இதை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் ஹோமியோபதிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1846இல் தஞ்சாவூரில் சாமுவேல் புரூக்கிங் என்ற ஓய்வுபெற்ற சர்ஜன் ஹோமியோபதி மருத்துவமனை தொடங்கினார். 1880இல் மங்களூர் கங்கநாடியில் அகஸ்டஸ் முல்லர் பாதிரியார் தொடங்கிய ஹோமியோபதி மருந்தகத்திலிருந்து தென்னாட்டுக் கிராமங்கள் வரை சீனி உருண்டை மருந்து வந்தது. குப்பைமேனியை ஹோமியோபதிக்குள் கொண்டுவந்தவர் கல்கத்தாவில் மருத்துவம் செய்த டாக்டர் டோனேர். வறட்டு இருமலோடு ரத்தம் வருபவர்களுக்கு என்று குறித்தார். அதே கல்கத்தாவில் டாக்டர் டி. என். ராய் இளைப்புக்கு என்று பிளாட்டா ஓரியன்டாலிஸ் மருந்தைப் பரப்பினார். அது நம் வீட்டுக் கரப்பான்பூச்சியிலிருந்து செய்வது. தெரியாமல் கரப்பான் விழுந்த தேநீரைக் குடித்த ஒருவருக்கு இளைப்பு தணிந்ததாம், அதிலிருந்து பிறந்த மருந்து என்று சொல்லிவருகிறார்கள்.

விலங்குக்கு ஹோமியோபதி கொடுப்பதும் புதிதில்லை. ஹானிமன் உயிரோடு இருந்த காலத்திலேயே லைப்சிக் நகரின் ஜோசப் வில்ஹெல்ம் லுக்ஸ் என்ற கால்நடை மருத்துவர் அதைத் தொடங்கிவிட்டார். எங்கள் வீட்டில் தொடங்கியவர் பெரியப்பா. பள்ளிக்கூட வாத்தியார். மரப்பெட்டி நிறையக் கண்ணாடிக் குப்பிகளும் ஒரு தமிழ்ப் புத்தகமும் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வருகிற எல்லாருக்கும் காசு வாங்காமல் மருந்து கொடுப்பார். நல்ல மனிதர். நோயாளி சொல்வதை அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்பார். அடுத்த மழைக்காலத்தில் செம்பிக்கு மறுபடி இழுத்தபோது, பிளாட்டா 30ஆம் வீரியத்தில் நாலு உருண்டையைப் பாலில் கரைத்து வைத்தார். அந்த முறையும் இரண்டு நாளில் இருமல் அடங்கிற்று. ஆயா குப்பைமேனி என்றது, பெரியப்பா பிளாட்டா என்றார். இரண்டு பேருமே செம்பியின்மேல் பிரியத்தோடுதான் பேசினார்கள்.

நான் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள். அந்த 30ஆம் வீரியத்தைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஒரு பங்கு மருந்துக்கு 99 பங்கு சாராயம், அதில் ஒரு பங்குக்கு மறுபடி 99. இப்படி முப்பது தடவை. 1க்குப் பின்னால் 60 சுழி. பன்னிரண்டாவது தடவை தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லாமல் போய்விடுகிறது. பெரியப்பா கொடுத்தது சர்க்கரை. அவர் கொடுத்த அரைமணி நேரம் உண்மை, அதை மனிதர்கள் உணர்ந்தார்கள். பூனையின் மூச்சுக்குழலுக்கு அது எட்டாது. பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் ராயல் கல்லூரி 2017 நவம்பரில் இதைத் தெளிவாகச் சொன்னது: ஹோமியோபதி பலன் தரும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை, உரிய சிகிச்சைக்குப் பதிலாக அதைக் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் இரண்டு முறையும் செம்பிக்கு எப்படி அடங்கிற்று? பூனையின் இளைப்பு நோயே அப்படிப்பட்டது. 1906இல் நியூயார்க்கில் வந்த ஹில் என்பவரின் ‘பூனை நோய்கள்’ நூலிலேயே சளி, மூச்சிரைப்பு, இழுப்பு என்று இந்த நோயின் அடையாளம் இருக்கிறது. தூசி, புகை, பூஞ்சணம், கரப்பான் கழிவு, மகரந்தம் போன்ற ஏதோ ஒன்று ஒவ்வாமல் மூச்சுக்குழலின் உட்சுவர் வீங்குகிறது, சளி அடைக்கிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. நூறு பூனைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை இந்த நோய் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு சமயம் முற்றும், தானாகவே தணியும், சில வாரம் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். தணிகிற நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் அதற்குப் பேர் வரும். வெளியே அடங்கினாலும் உள்ளே வீக்கம் நிற்பதில்லை.

செம்பிக்கும் நிற்கவில்லை. மூன்றாம் வருஷம் அது மூன்று குட்டி போட்டிருந்தது. சாய அடுப்பு மூட்டின அன்று, குட்டிகளைத் திண்ணைக்கு மாற்ற ஆரம்பித்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மார்ஜார நியாயம் சொல்லித்தர வேண்டியதில்லை. குட்டி எதுவும் செய்ய வேண்டாம், தாய்ப்பூனை வாயில் கவ்விக்கொண்டு போகும், அப்படித்தான் பெருமாள் நம்மைக் கொண்டுபோவார் என்று தென்கலையார் சொல்வதை ஆயா எத்தனையோ உபன்யாசத்தில் கேட்டிருக்கிறது. செம்பி முதல் குட்டியைக் கொண்டுபோய் விட்டது. இரண்டாவது குட்டியோடு கூடத்தின் பாதியில் நின்றுவிட்டது. வாயில் குட்டி இருந்தால் வாயால் மூச்சு வாங்க முடியாது. குட்டியைக் கீழே வைத்து, வாயைத் திறந்து இரைத்து, மறுபடி கவ்வி, நாலடி வைத்து, மறுபடி கீழே வைத்தது. ஆயா எழுந்து போய் மூன்று குட்டியையும் தாயையும் முந்தானையில் ஏந்திக்கொண்டது. அன்று இரவே செம்பி போய்விட்டது. ஆயா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாட்டு மருந்தெல்லாம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஆடாதோடையில் வாசிசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதை வைத்து ஆராய்ந்து உருவாக்கியதுதான் 1960களில் வந்த புரோம்ஹெக்சின். இன்றைக்கும் சளி இருமல் டானிக்குகளில் இருக்கிறது. தாத்தாவின் கஷாயத்தில் விஷயம் இருந்தது. குப்பைமேனி வேரைப் பூனை தேடுவதும் வெறும் கதையில்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவின் பூனைகளை முன்வைத்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்த வேரைப் பரிசோதித்து, பூனையை இழுக்கிற இரண்டு பொருள்களை 2016இல் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார்கள். மேல்நாட்டார் பூனைக்கு விளையாடக் கொடுக்கிற கேட்னிப் செடியில் இருப்பதன் உறவு அவை. ஆயா கண்ணால் கண்டது சரி. ஆனால் பூனைக்குப் பிடிப்பது வேறு, பூனையின் மூச்சைத் திறப்பது வேறு. பிடித்ததைக் கண்ட நம் முன்னோர் அதையே மருந்தாகவும் நம்பினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த நம்பிக்கையில் ஆபத்தும் உண்டு. குப்பைமேனியில் சயனைடு தரக்கூடிய அகாலிஃபின் இருக்கிறது. இலங்கையில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்கள் குப்பைமேனிக் கஞ்சி குடித்து, ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோனதை அங்குள்ள மருத்துவர்கள் 1996இல் எழுதியிருக்கிறார்கள். பூனையின் சிவப்பணு மனிதனுடையதைவிட எளிதில் உடையும். நாம் இருமலுக்குத் தேனில் குழைத்துத் தின்னும் சின்ன வெங்காயமும் பூண்டும் பூனைக்கு ரத்தத்தையே கெடுக்கும். நாம் நெஞ்சில் தடவும் யூகலிப்டஸ் தைலத்தையும், ஜுரத்துக்குப் போடும் பாராசிட்டமாலையும் முறித்து வெளியேற்றுகிற வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை. ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். இழுக்கிற பூனையைச் சுருட்டிப் பிடித்து வாயில் சாறு விடும்போது, அது மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடவும் கூடும். ஆயாவுக்கு இது தெரிந்திருந்தால் அந்தப் பாலாடையைத் தொட்டிருக்காது.

இப்போது என்னிடம் இருக்கிற பூனைக்கும் இளைப்பு. செம்பி வழியில் வந்ததில்லை, கோயில் வாசலில் கிடைத்த குட்டி. முதலில் நானே ஒரு தவறு செய்தேன். ஒரு கடையில் ‘இயற்கை மூலிகை, பக்கவிளைவு இல்லை’ என்று எழுதின சொட்டு மருந்தை வாங்கி ஆறு வாரம் கொடுத்தேன். ஏழாவது வாரம் அதன் ஈறு நீலம் பாரித்தது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். முதலில் ஊசி, பிறகு சில நாள் பிரெட்னிசோலோன் மாத்திரை. இப்போது தினமும் இரண்டு வேளை ஃபுளூட்டிகசோன் இன்ஹேலர். குழந்தைகளுக்கு வைக்கிற மாதிரி ஒரு ஸ்பேசர் குழாய், நுனியில் சின்ன முகமூடி. மடியில் உட்காரவைத்து, முகமூடியை மூக்கோடு பொருத்தி, ஏழெட்டு மூச்சு எண்ணுகிறேன். முதல் வாரம் கையெல்லாம் கீறல். இப்போது ஸ்பேசர் சத்தம் கேட்டதும் அதுவாகவே மடிக்கு வந்துவிடுகிறது.

இன்ஹேலரோடு சேர்த்து மருத்துவர் இன்னும் சிலது சொன்னார். ஊதுபத்தி, கொசுவர்த்தி வேண்டாம். சாம்பிராணிப் புகை அடுத்த அறையிலும் வேண்டாம். மண்தொட்டியில் தூசி பறக்காத மணல் போடுங்கள். கரப்பானை ஒழியுங்கள். படுக்கையைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண்ணில் நீர் முட்டிற்று. அந்தக் கூடையை ஆயா ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே திண்ணைக்கு மாற்றிவிட்டது. எங்கள் வீட்டு வைத்தியத்தில் செம்பிக்கு நிஜமாகவே உதவினது அதுதான். பாலாடையும் உருண்டையும் வாங்கிக்கொண்ட பேர் அந்தக் கூடைக்குச் சேர வேண்டியது.

பின்கட்டில் குப்பைமேனி இன்னும் முளைக்கிறது. நான் பிடுங்கி எறிவதில்லை.

பூனை வளர்க்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தறி வீடு, ஊதுபத்தி உருட்டுகிற வீடு, விறகடுப்பு எரிகிற வீடு என்றால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். உங்கள் பூனை அசந்து தூங்கும்போது அதன் விலா ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். முப்பதைத் தாண்டினால், கழுத்தை நீட்டிக் குந்தி வெறும் இருமலாய் இருமினால், பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவமனைக்குக் காட்டுங்கள். உள்ளூரில் வசதி இல்லையென்றால் சென்னை வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அப்போதே கிளம்புங்கள்.